அஸ்டெரிக்சிஸுக்கு ‘நடுக்கம்’ போதுமா?

செவிலியப் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரத்த ஓட்டக் கண்காணிப்பு இயல் முடிந்துவிட்டது. மது நிறுத்தமும் ஈரல் நோயும் சேர்ந்து வரும் இயலில் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். மூலத்தில் ‘ட்ரெமர்’, ‘அஸ்டெரிக்சிஸ்’ என்று இரண்டு இருக்கின்றன. வரைவில் இரண்டுக்குமே ‘நடுக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

குடியை நிறுத்தியவருக்கு 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். மது நிறுத்தத்தின் கடுமையை அளக்கும் சீவா மதிப்பீட்டு அட்டவணையில் அந்த நடுக்கத்துக்கு 0 முதல் 7 வரை மதிப்பெண் உண்டு, எல்லா அறிகுறிகளுக்கும் சேர்த்து உச்ச மதிப்பெண் 67. கூட்டுத்தொகை ஏற ஏற, பென்சோடயசெபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தின் அளவும் ஏறும். ஈரல் செயலிழந்து அறிவு மங்கும்போது வரும் அஸ்டெரிக்சிஸோ வேறு: நீட்டிய கை சட்டென்று விழுந்து மறுகணம் எழும். அதையும் நடுக்கம் என்று எண்ணி மதிப்பெண் போட்டால், கொடுக்கும் மருந்தே நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திவிடும். சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தொல்காப்பிய உரியியல் ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்கிறது. இரண்டு சொற்களும் ஆயத்தமாக இருக்கின்றன. மதுவால் வருவது அதிர்வு, ஈரலால் வருவது விதிர்ப்பு. விதிர்த்தலில் உதறுதல் என்ற பொருளும் உண்டு. வேற்படையை விதிர்ப்பார்கள், நீரை விதிர்ப்பார்கள். புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அந்த நூற்பாவே இரண்டுக்கும் ஒரே பொருள் என்றுதானே சொல்கிறது? நாம் பிரிக்க வேண்டியதை அது சேர்த்துவைக்கிறது. மருத்துவர்கள் ‘சிறகடிப்பு நடுக்கம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். படித்தவுடன் கண்ணில் ஒரு காட்சி எழும்.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

நான் தினமும் பார்க்கும் காட்சி அதுவன்று. நோயாளியைக் கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து வைத்திருக்கச் சொல்வேன். அரை நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். பறவை தசையை இயக்கிச் சிறகடிக்கிறது. இங்கே தசை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓய்ந்துபோகிறது, அதனால் கை விழுகிறது. விழுந்ததை அவர் மீண்டும் தூக்குகிறார். இது வலிமை அறுபடும் கணம். விதிர்ப்பும் சிறகடிப்பும் செயலைக் குறிப்பவை, செயல் நின்றுபோவதைக் குறிப்பவை அல்ல. ‘கைத்துவளல்’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள். ஆழ்மயக்கத்துக்குப் போனபின் இது மறைந்துவிடும். மறைந்தது என்பதால் தேறிவிட்டார் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

மருத்துவர்:

‘கை’ வேண்டாம். பாதத்திலும் நாக்கிலும்கூட இது தெரியும். இப்படியே போனால் அடுத்து ‘ஈரல் நடுக்கம்’ என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கும், இரத்தத்தில் கரியமில வாயு தேங்கியவருக்கும் இது வரும்.

1949-இல் ஆடம்ஸ், ஃபோலி என்ற மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். பெயருக்காகக் கிரேக்கம் அறிந்த ஒரு பாதிரியாரை நாடினார்கள். அவர் தந்த சொல் ‘அனைசோஸ்டெரிக்சிஸ்’. நீளமாக இருக்கிறது என்று அவர்களே அதை வெட்டிக் குறைத்தார்கள். நிலையாக நிற்க இயலாமை என்பதே அதன் கருத்து.

தமிழாசிரியர்:

விதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். செவிலியர் சொன்ன ‘ஓய்ந்துபோகும் தசை’ என் கண்ணைத் திறந்தது. அப்படியானால் ‘நிலைவழுவல்’. வழு என்ற வேரைப் பாருங்கள்: வழுக்கு, வழுக்கல், வழுவழுப்பு என எல்லாமே பிடி நில்லாமையைச் சொல்பவை. இலக்கணத்தில் வழு (பிழை), வழாநிலை (பிழையின்மை), வழுவமைதி (பிழையாயினும் ஏற்கப்படுவது) என்ற மூன்றும் உண்டு. விழுந்து மீளும் கையை வழுவும் அமைதியும் மாறிமாறி வருவதாகவே கொள்ளலாம். அகப்பாடல்களின் வளை நெகிழ்தலைக்கூட இங்கே கருதலாம். அதை எண்ணி ‘நெகிழ்வு’ என்றும் ஒரு சொல் எழுதிப் பார்த்தேன், ஆனால் அது மெல்ல நிகழ்வது என்பதால் விட்டுவிட்டேன்.

தனித்தமிழ் அன்பர்:

நிலைவழுவலை வரவேற்கிறேன். அப்படியே ‘இரத்த ஓட்ட’த்தைக் ‘குருதியோட்டம்’ ஆக்குங்கள். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயைக் குறிக்கும் ‘தமனி’யும் வடசொல். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம் என்றே இருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளர்:

தமிழ்நாட்டில் ‘நாடி’ என்றால் துடிப்பு. ‘சராசரி நாடி அழுத்தம் 65-க்குக் குறையாமல் பார்க்கவும்’ என்று படிக்கும் செவிலியர் மணிக்கட்டைத் தொட்டு எண்ணத் தொடங்குவார். அது இதயத் துடிப்பு 65 என்று ஆகிவிடும். தூய்மைக்காக இந்தக் குழப்பத்தை ஏற்க முடியாது. முடிந்த இயலைத் திறக்க வேண்டாம்.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

எனக்கு ‘வழு’ என்றதும் பிழைதான் நினைவுக்கு வருகிறது. ‘இரவு 2 மணிக்கு நிலைவழுவல்’ என்று குறிப்பேட்டில் இருந்தால், பணியில் இருந்தவர் தவறு செய்தார் என்றே படிப்பார்கள்.

செவிலியப் பயிற்றுநர்:

நாளை கோப்பை அனுப்ப வேண்டும். வழுவல் போய் நழுவல் வரட்டும்: ‘நிலைநழுவல்’. ஐந்து பேர் ‘சரி’ என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்களில் இருவர் வேறு வழியில்லாமல். முதலில் வரும் இடத்தில் அஸ்டெரிக்சிஸ் என்பதையும் சேர்த்தே அச்சிடுகிறேன். ‘நடுக்கம்’ மது நிறுத்தத்துக்கு மட்டும்.

தமிழாசிரியர்:

நழுவலில் பொருள் தானே தப்பித்துப் போகும் குறிப்பு இருக்கிறது. கை தப்பித்துப் போகவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் பேசலாம்.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

எனக்கும் முழு நிறைவில்லை. ‘நீட்டிய கை விழுந்து எழுகிறது, நிமிடத்துக்கு இத்தனை முறை’ என்று எழுதவே என் பயிற்சியாளர்களிடம் சொல்வேன். சொல் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.