ஓலையைப் பெயர்த்தெழுதும்போது புள்ளி இடலாமா?

வெள்ளவத்தை வாசகி:
எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் குரலாக்கித் தர, அதைக் கேட்டே படித்துப் பட்டம் பெற்றேன். சென்ற வாரம் பழைய காணி உறுதி ஒன்றின் எழுத்துப்பெயர்ப்பு இணையத்தில் கிடைத்தது. ஓலையில் உள்ளபடியே புள்ளியில்லாமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள். 'அவன்' என்பது 'அவன' என்றும் 'விற்று' என்பது 'விறறு' என்றும் ஒலிக்கின்றன. ௵, ௴, ௳ என்ற ஆண்டு, மாத, நாள் குறிகளை என் கணினிக் குரல் பேசாமல் தாண்டிவிடுகிறது. எண்கள் மட்டும் காதில் விழுகின்றன. எது ஆண்டு, எது நாள்? புள்ளியிட்ட வாசிப்புப் பிரதியும் கூடவே வேண்டும்.

ஓலைப்பித்தன்:
சகோதரி, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் இதற்கு என்னால் உடன்பட முடியாது. ஓலையில் 'எரி' என்று இருந்தால் அது எரியா, ஏரியா? வீரமாமுனிவரின் சீர்திருத்தம் பரவுவதற்கு முன் எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தாமல் எழுதுவது வழக்கம். துணைக்காலும் (ா) ரகரமும்கூட ஒரே தோற்றம். காணியின் எல்லையே அந்த ஓர் எழுத்தில் தங்கியிருக்கலாம். எகரத்தை ஏகாரமாக்க நான் சேர்க்கும் கோடு என் ஊகம்தான். பத்து ஆண்டுகள் கழித்து அதையே மூலம் என்று மேற்கோள் காட்டுவார்கள். அப்படி வேரூன்றிய பிழைகளைப் பார்த்து மனம் நொந்தவன் நான்.

கொட்டாஞ்சேனையான்:
கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் காலக் கட்டுகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெயர்த்தெழுதத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். முதலில் தட்டச்சு முடியட்டும்; மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வெள்ளவத்தை வாசகி:
'பிறகு' என்ற சொல்லைப் பள்ளிக்கூட நாள் முதல் கேட்டு வருகிறேன் அண்ணா. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் பூட்டிய பாமினி எழுத்துருவில் தட்டச்சான பக்கங்களையும் அன்று பிறகு மாற்றலாம் என்றுதான் விட்டார்கள். அவற்றில் 'யாழ்ப்பாணம்' எனக்கு 'ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி' என்று இன்றும் ஒலிக்கிறது.

பழைய காணிப் பதிவேடான தோம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உடைமையாளர், காணி, மரங்கள் என்ற விவரங்களை வெறும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்தால் எனக்கு எண்களின் ஊர்வலம்தான் மிஞ்சும். எது தென்னை, எது வரி என்று தெரியாது. முறையான அட்டவணையாக்கித் தலைப்பு நிரையைக் குறித்துவிட்டால், கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது தலைப்பும் சேர்ந்து ஒலிக்கும். தட்டச்சின்போதே செய்தால் இது சிறு வேலை. ஆயிரம் பக்கம் குவிந்த பிறகு யார் திரும்பிப் போய்த் தொடுவார்கள்?

ஏட்டுத்தும்பி:
ஓலைப்பித்தன் ஐயா அஞ்சுவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நூல்களைக் கணினியில் பதிவதற்காக 1987 இல் தொடங்கிய டி.ஈ.ஐ. (Text Encoding Initiative) குறியீட்டு முறையில் மூல வடிவத்தையும் சீர்செய்த வடிவத்தையும் ஒரே கோப்பில் அருகருகே பதியலாம். சுருக்கக் குறியும் அதன் விரிவும் அவ்வாறே. மூலம் அழியாது, எதைக் காட்டுவது, எதை ஒலிப்பது என்பதைப் பக்கத்தை அமைப்பவர் தீர்மானிக்கலாம்.

ஓலைப்பித்தன்:
மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் வைப்பதென்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மறுபாதி நிற்கிறது. ஐயமுள்ள இடத்தில் வாசிப்புப் பிரதி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமே?

வெள்ளவத்தை வாசகி:
ஏன் தேர வேண்டும்? 'எரி அல்லது ஏரி, ஐயம்' என்று சொல்லாகவே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி மட்டும் போட்டால் பல வேளை அது எனக்குக் கேட்பதே இல்லை. கோடிட்டு அடித்த சொல்லுக்கு முன்னும் 'அடிக்கப்பட்டது' என்று இருக்கட்டும். உங்களுக்கு எழுந்த ஐயம் எனக்கும் வந்து சேரட்டும். அயல் காணிகளின் உறுதிகளோடு ஒப்பிட்டு, அந்த எல்லையில் ஏரி இருந்ததா என்று நானும் தேடுவேன்.