புதுப்பிப்பு: இலவச விளம்பரம் கிடைத்தும் நன்கொடை வரவில்லை என்று புலம்பியிருந்தேனே

மூன்று மாதம் முன்பு எழுதியதன் சுருக்கம்: எங்கள் மாலைநேரப் பள்ளி அறக்கட்டளைக்கு, தொண்டு அமைப்புகளுக்கான கூகுள் ஆட் கிராண்ட்ஸ் திட்டம் கிடைத்தது. மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசம். ஆனால் கிளிக் செய்ய ஆளில்லை.

தப்பு என்மேல்தான். எதைத் தேடினால் எங்கள் விளம்பரம் வர வேண்டும் என்ற இடத்தில் ‘கல்வி’, ‘நன்கொடை’ என்று ஒற்றைச் சொற்களாகப் போட்டு வைத்திருந்தேன். இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் அதற்கு அனுமதியே இல்லை. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 சதவீதமாவது கிளிக் செய்யவும் வேண்டும். இப்போது ‘பழைய பாடப்புத்தகம் எங்கே கொடுப்பது’ என்பதுபோல ஜனங்கள் நிஜமாகவே தேடும் வரிகளாக மாற்றிவிட்டேன். 5-ஐத் தாண்டிவிட்டது.

சரி, பணம்? அது விளம்பரத்தால் வரவில்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸால் வந்தது. அங்கேயும் ஒரு கூத்து. க்யூஆர் கோடு படத்தை அழகாக வடிவமைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “என் போன்ல வந்த படத்தை என் போன்லயே எப்படித் தம்பி ஸ்கேன் பண்றது?” கேலரியிலிருந்து எடுக்கலாம்தான், ஆனால் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? யுபிஐ ஐடியை எழுத்தாகவே கீழே போட்டேன், அன்று மாலையே ஏழு பேர் அனுப்பினார்கள்.

அப்புறம், 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெறுவதற்கானது) கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது. நான் சொல்லாமல் விட்டு, ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை எல்லாம் நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாகப் போட்ட கரும்பலகைப் படத்துக்கும் லைக் குறையவில்லை.