எந்தத் திருப்பாடல் உங்களைப் பிடித்து நிறுத்தியது?

தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதில் பாதிக்காலம், பூசையில் திருப்பாடல், அதாவது விவிலியத்திலேயே இருக்கும் பாடல், பாட வேண்டிய இடத்தில் நாங்கள் அதைப் பாடவே இல்லை. முதல் வாசகம் முடிந்ததும் கீபோர்டில் ஒரு சுற்று வாசிப்போம். கேசட்டில் கேட்டுப் பழகிய தியானப் பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவோம். மக்களுக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கு அதைவிடப் பிடித்திருந்தது. குரலைக் காட்ட இடம் கிடைத்ததே!

2018 அக்டோபர் 28, திருச்சபை நாட்காட்டியில் பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு. தீபாவளி நெருங்கியதால் திருப்பூரில் வேலை முடியவில்லை என்று கீபோர்டு வாசிக்கும் தம்பி வரவில்லை. சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்த பங்குத்தந்தை, “நாளைக்கு என்ன திருப்பாடல்?” என்று கேட்டார். பாட்டின் முதல் வரியைச் சொன்னோம். “நான் பாட்டைக் கேட்கவில்லை” என்றார். வாசக நூலைத் திறந்து பார்த்தோம். 126.

முதல் வாசகம் எரேமியா இறைவாக்கினர் நூலிலிருந்து. சிதறிப்போனவர்களை, பார்வையற்றவர், கால் ஊனமானவர், பிள்ளைத்தாய்ச்சி என ஒருவரையும் விடாமல் ஆண்டவர் கூட்டிவருகிற பகுதி. அதைக் கேட்ட மக்கள் சொல்லும் பதில்தான் இந்தப் பாடல். ‘பதிலுரைப் பாடல்’ என்ற பெயரை வாராவாரம் உச்சரித்துக்கொண்டே, யாரோ கேட்டதற்கு யாரோ பதில் சொன்ன கதையாக நாங்கள் பாடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

கீபோர்டு இல்லாததால் மெட்டு நான்கு சுரத்துக்குள் அடங்கிவிட்டது. பல்லவியை மக்கள் இரண்டாவது முறையிலேயே பிடித்துக்கொண்டார்கள். ‘தென்னாட்டின் வறண்ட ஓடை’ என்ற வரியை நான் பாடியபோது முன்வரிசையில் ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். ‘கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுவடை செய்வார்கள்’ என்று வந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டு ஐப்பசி பிறந்தும் பருவமழை தொடங்கவில்லை. எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். “குதிரில் இருக்கிற கடைசி நெல், தம்பி. அதை வேகவைத்தால் பிள்ளைகள் நாலு நாள் சாப்பிடும். அதைத்தான் அள்ளிக்கொண்டு போய்ப் புழுதியில் போடுகிறோம். அழாமல் எப்படிப் போடுவது?” என்றார். விதைப்பவன் ஏன் அழ வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஏதோ உவமை என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவர் கேட்டதுதான் வேடிக்கை. “இதை எழுதியவர் நம் பக்கத்து ஆளா?” இல்லை ஐயா, எருசலேமுக்கு நடைப்பயணமாக ஏறிப் போனவர்கள் பாடியது, 120 முதல் 134 வரை பதினைந்தும் அந்த வகை, தென்னாடு என்றால் அவர்கள் நாட்டின் தெற்கே இருக்கும் நெகேவ் என்ற வறண்ட பகுதி, மழை பெய்தால்தான் அங்கே ஓடையில் தண்ணீர் ஓடும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்கேயும் கண்மாய் உண்டா?” என்றார்.

மழை நவம்பரில் வந்தது. பின்னாலேயே கஜா புயலும் வந்தது. அதைப் பற்றி 126-இல் ஒன்றும் இல்லை.

தம்பி திரும்பி வந்துவிட்டான், கீபோர்டும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் அதைத் தொடுவதில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை; நீங்கள் திருப்பாடல் என்பதை நாங்கள் சங்கீதம் என்போம். அண்ணன் சொல்வதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. மெட்டே இல்லாமலும் சங்கீதம் நிற்கும். எங்கள் ஆராதனையில் ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிப்போம். நூறு பேர் ஒரே மூச்சில் வாசிப்பதே ஒரு தாளம்தான்.

ஆனால் நாங்கள் ஓட்டமாக ஓடுவோம், அது உண்மை. ஒருமுறை 46-ஆம் சங்கீதம். அதில் மூன்று இடத்தில் ‘சேலா’ வரும். வழக்கமாக யாரும் வாசிக்க மாட்டோம். அப்போது ஒன்பது வயதான என் மகள் மட்டும் அதைச் சத்தமாக வாசித்துவிட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும், “ஏம்மா, கண்டாங்கியைப் பற்றி பைபிளில் ஏன் போட்டிருக்கிறது?” என்கிறாள்! சேலை இல்லையடி, பாடுகிறவர்கள் சற்று நிறுத்துவதற்கான குறிப்பு என்று பலர் சொல்கிறார்கள் என்றேன். “அப்படியானால் நீங்கள் யாரும் நிறுத்தவில்லையே” என்றாள்.

அதே சங்கீதத்தில்தான் ‘அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ என்று வருகிறது. அதையும் ஓட்டமாகத்தான் வாசித்திருந்தோம். இப்போது வீட்டு ஜெபத்தில் சேலா வரும் இடமெல்லாம் நிறுத்துகிறோம். எத்தனை நொடி என்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள்.

*

நான் கிறிஸ்தவன் அல்லன். இருந்தாலும் இதை எழுதத் தோன்றியது. எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தான் பக்கம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வீடு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். முப்பது ஆண்டுகள் அந்த வீட்டைக் காத்தவர் ஒரு கத்தோலிக்கர். இரவில் முகப்புத் திண்ணையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் இறந்தபோது ஊருக்குப் போனேன். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒருவர் பழைய ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருப்பாடல் 129 என்றார். பக்கத்தில் இருந்த இளைஞர் 130 என்று திருத்தினார். பழைய கத்தோலிக்க எண்ணிக்கையில் பெரும்பாலான பாடல்களுக்கு ஓர் எண் குறைவாக வருமாம். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற பாடல். எனக்கு அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் இட்ட கதை நினைவுக்கு வந்தது; அப்பத்தா மடியில் கேட்டது.

பிறகு அந்த வரி வந்தது. ‘விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைவிட’ என்று பாடினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ‘ஆம், விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைவிட’ என்று மறுபடியும் பாடினார்கள். பாடலிலேயே இரண்டு முறைதான் இருக்கிறதாம்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய மகன் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். அன்றிரவு நான் அதே திண்ணையில் படுத்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. தெருவில் ஒரு விளக்கும் இல்லை. விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.