பெரியப்பா அனுப்பிய சான்றிதழ்

பெரியப்பா: (படம்) எல்லோரும் பாருங்கள். நான் சேர்ந்திருக்கும் பங்குச் சந்தைக் குழுவுக்கு, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொடுத்த சான்றிதழ். முத்திரையெல்லாம் இருக்கிறது. மாதம் 12 சதவீதம் நிச்சயமாம்.

அத்தை: மாதத்துக்கா? வங்கியில் வருடத்துக்கே அவ்வளவு வராதே அண்ணா!

நான்: பெரியப்பா, பதிவு எண் எப்படித் தொடங்குகிறது?

பெரியப்பா: ஐஎன்இசட்.

நான்: அது தரகர்களுக்குரியது. முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கவேண்டும். மேலே ‘ஆலோசகர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கீழே தரகர் எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். செபி இணையதளத்தில் தேடினேன். எண் உண்மைதான், ஆனால் வேறொரு நிறுவனத்துடையது.

தம்பி: திருட்டு வண்டிக்கு அடுத்தவன் நம்பர் பிளேட்.

பெரியப்பா: செபி பதிவு இருந்தால் பணத்துக்கு ஆபத்தில்லை என்றல்லவா நினைத்தேன்?

நான்: பதிவு அசலாக இருந்தாலும் செபி லாபத்துக்கு ஜாமீன் நிற்காது. 1992 வரை புதுப் பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்று டெல்லியில் ஓர் அரசு அதிகாரி அனுமதி தருவார். அந்தப் பதவியை ஒழித்த அதே ஆண்டில்தான் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்தது. இப்போது விலை நம் பாடு. நிறுவனம் கடனையும் வழக்கையும் மறைக்காமல் சொன்னதா, உள்ளே இருப்பவர்கள் சேதி தெரிந்து முன்கூட்டியே விற்றார்களா, தரகர் நம் பணத்தில் கை வைத்தாரா என்பதையெல்லாம் செபி பார்க்கும். பிடிபட்டால் அபராதம், சந்தையில் நுழையத் தடை. ‘நிச்சய லாபம்’ என்று ஆலோசகர் வாய் திறப்பதே விதிமீறல்.

அத்தை: எவ்வளவு போட்டீர்கள் அண்ணா?

பெரியப்பா: 20,000. செயலியில் 31,400 என்று காட்டுகிறது. எடுக்கப் போனால், முதலில் 6,000 வரி கட்டச் சொல்கிறார்கள்.

நான்: கட்டாதீர்கள்! உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

பெரியப்பா: செபியிடமே புகார் கொடுத்தால்?

நான்: அவர்களின் ஸ்கோர்ஸ் தளம் பதிவு பெற்ற தரகர்கள், பட்டியலிட்ட நிறுவனங்கள் போன்றோர் மீது புகார் செய்ய. யார் மீது புகாரோ அவர்கள் 21 நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். முகவரியே இல்லாத இந்த ஆளை யார் கூப்பிட்டுக் கேட்பது? இது போலீஸ் வேலை.

பெரியப்பா: 1930இல் காத்திருக்கிறேன். உன் பெரியம்மாவிடம் இப்போதைக்கு யாரும் சொல்லவேண்டாம்.

அத்தை: அண்ணா, அண்ணியும் நம்முடைய இந்தக் குடும்பக் குழுவில்தான் இருக்கிறார்.

பெரியம்மா: முதலிலிருந்தே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.