ஒலிப்பதிவுக் கருவிக்கு வெளியிலிருந்து மின்சாரம்: வடசென்னைப் பதிவாளர்களின் அனுபவங்கள்

காசிமேட்டுக் காலை:

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் நடக்கும் ஏலத்தைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நான்கு பக்கமும் கூச்சல் நிறைந்திருப்பதால் கருவியின் சிறு இரைச்சல் எதுவும் பதிவில் தெரியாது. ஆனால் ஏலம் யாருக்காகவும் நிற்காது. கூடையைத் தரையில் கவிழ்த்து ஏலக்காரர் தொகையைக் கூவத் தொடங்கிய பிறகு, ரெக்கார்டரின் மூடியைத் திறந்து ஈரக் கையோடு பென்சில் செல்களை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் பவர்பேங்க் மூலம் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழியை நாடினேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இந்த உரையாடலைத் தொடங்கி வைக்கிறேன்.

என்னுடைய ரெக்கார்டர் நான்கு பென்சில் செல்களில் ஓடுவது. ரீசார்ஜபிள் செல் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், கொள்ளளவு 1,900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று வைத்துக்கொண்டால், நான்கும் சேர்ந்து கொடுப்பது ஏறத்தாழ 9 வாட்-மணி. கருவியிலேயே உள்ள மைக்குகளைக் கொண்டு பதிவு செய்தால் ஒரு காலைப் பொழுதை இதில் ஓட்டிவிடலாம். பேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே ரெக்கார்டர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், கேட்கும் இரண்டு கண்டென்சர் மைக்குகளைச் சொருகினால் கணக்கு மாறிவிடும். மைக் ஒவ்வொன்றும் 4 மில்லி ஆம்பியர் இழுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 0.4 வாட் ஆகிறது. ஐந்து வோல்ட்கூட இல்லாத செல்களிலிருந்து 48 வோல்ட்டை உருவாக்கும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அரை வாட்டைத் தாண்டும். மொத்தமே இரண்டு வாட்டுக்குள் ஓடும் கருவிக்கு அது சிறிய செலவு அன்று.

பவர்பேங்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எம்ஏஎச் என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரிய கணக்கு, அதாவது 37 வாட்-மணி. நம் கருவிக்கு வேண்டியதோ 5 வோல்ட். அதற்கு உயர்த்தும்போது போகும் இழப்பைக் கழித்தால் கையில் கிடைப்பது 6,000 எம்ஏஎச் அளவுதான், அதையும் பின்புறத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெருவிரல் அளவுள்ள யூஎஸ்பி மீட்டர் ஒன்றைப் பவர்பேங்குக்கும் கேபிளுக்கும் இடையில் சொருகிப் பார்த்தேன். என் கருவி சும்மா இருக்கும்போது 0.22 ஆம்பியரும், பதிவின்போது 0.29-உம், பேன்டம் பவரை இயக்கினால் 0.41-உம் காட்டியது. இந்தக் கணக்கில் 10,000 என்று எழுதிய பவர்பேங்கே, பேன்டம் பவரோடுகூட, ஏறத்தாழ பதினைந்து மணி நேரத்துக்குப் போதும். ஏலத்துக்குப் போகிறவர் 20,000 வாங்கினால் தோள்தான் வலிக்கும்.

புளியந்தோப்புப் பதிவாளர்:

காசிமேட்டு நண்பரின் கணக்கு சரியானது. ஆனால் பவர்பேங்க் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு முன்பாக, அது தொடர்ந்து கொடுக்குமா என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

நான் பெரும்பாலும் கானாப் பாடகர்களைப் பதிவு செய்பவன். எங்கள் பகுதியில் துக்க வீட்டில் இரவு முழுவதும் பாடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் சிறிய ரெக்கார்டரை வைத்துவிட்டால், அதன்பிறகு விடியும்வரை அதைத் தொடுவது முறையாகாது. அப்படிப்பட்ட ஓர் இரவுக்காகப் பவர்பேங்க் ஒன்றை இணைத்து வைத்திருந்தேன். இறந்தவரின் பெயரைச் சொல்லி முதல் பாட்டு தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் பவர்பேங்கின் நீல விளக்கு தானாகவே அணைந்தது. கருவிக்குள் செல்கள் இருந்ததால் பதிவு நிற்கவில்லை, ஆனால் அந்த இரண்டு செல்களை நம்பித்தான் மீதி இரவு கழிந்தது.

காரணம் எளியது. பவர்பேங்க் என்பது கைப்பேசிக்காக உருவானது. கைப்பேசி நிறைந்துவிட்டால் அது இழுக்கும் மின்னோட்டம் குறையும், அதை அடையாளமாகக் கொண்டு பவர்பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும். பல பவர்பேங்குகளில் இந்த எல்லை 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை இருக்கிறது. திரை விளக்கை அணைத்துவிட்டு உள் மைக்குகளோடு மட்டும் ஓடும் சிறிய ரெக்கார்டர் அந்த எல்லையை ஒட்டியே இழுப்பதால், எல்லாம் முடிந்தது என்று பவர்பேங்க் முடிவு கட்டிவிடுகிறது. பெரிய ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது.

மறுவாரம் பர்மா பஜாரில் ஒரு கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, "சார், ப்ளூடூத் இயர்போன் சார்ஜ் ஏற்றுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், பட்டனை இரண்டு முறை தட்டினால் அணையாத வகை ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள்" என்றார். குறைந்த மின்னோட்டத்துக்கான அந்த வசதி இப்போது பல பவர்பேங்குகளில் உண்டு. சிலவற்றில் இரண்டு மணி நேரம் போன்ற ஒரு வரம்புக்குப் பிறகு அது தானாக விலகிவிடும் என்பதால், வாங்கியதும் ஓர் இரவு வீட்டில் ஓடவிட்டுப் பார்ப்பது அவசியம். இன்னொரு வழியும் உண்டு. பவர்பேங்கின் இரண்டாவது துளையில் சிறிய யூஎஸ்பி எல்இடி விளக்கைச் சொருகிவிட்டால், அது இழுக்கும் மின்னோட்டத்தால் பவர்பேங்க் விழித்திருக்கும். துக்க வீட்டில் அந்த விளக்கைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்தேன்.

கழிமுகவாசி:

இருவரும் இரைச்சல் மிகுந்த இடங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை நேர்மாறானது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்தப் பகுதியில், அலையாத்திச் செடிகளுக்கு இடையில் நண்டுகள் சேற்றைக் கிளறும் ஒலியையும் நீர்ப்பறவைகளின் ஒலியையும் பதிவு செய்ய வேண்டுமானால் மைக்கின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏறத்தாழ எல்லைவரை உயர்த்த வேண்டியிருக்கிறது. தொலைவில் அனல்மின் நிலையமும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் கொடுக்கும் தாழ்ந்த உறுமல் போதாதென்று, பவர்பேங்கும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய கீச்சொலியைச் சேர்க்கிறது.

பவர்பேங்கின் உள்ளே 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்று, விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் ஸ்விட்ச் கொண்டது. அந்த வேகம் காதுக்கு எட்டாதது. ஆனால் இழுக்கும் மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது பல சுற்றுகள் ஆற்றலை மிச்சப்படுத்துவதற்காக விட்டுவிட்டு இயங்குகின்றன, அப்போது தோன்றும் துடிப்பு காது கேட்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கணினியில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது ஒலியின் சுருதியை உயரமாகக் காட்டும் படமாக, திறந்து பார்த்தால், பறவையின் குரல் வளைந்து நெளிந்து போக, அதற்குக் குறுக்கே தொடக்கம் முதல் முடிவுவரை ஆடாமல் ஓடும் ஒரு கிடைக்கோடு தெரியும். கோட்டின் உயரம் பவர்பேங்குக்குப் பவர்பேங்க் மாறுகிறது. விலைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருப்பவற்றுள் மிக அமைதியானது விலை குறைந்த ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீங்கள் களத்தில் பயன்படுத்தும் அதே மைக்கையும் அதே கெயினையும் வைத்து, முதலில் செல்களில் மட்டும் ஒரு நிமிடமும், பிறகு பவர்பேங்கில் ஒரு நிமிடமும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் கணினியில் ஒரே அளவுக்கு உயர்த்திக் கேளுங்கள். வேறுபாடு இருந்தால் ஹெட்போனில் உடனே தெரியும். மிகச் சிறிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் ஜூம் எஃப்3 போன்ற, கெயின் குமிழே இல்லாத கருவியாக இருந்தாலும் இந்தச் சோதனை பொருந்தும். 32-பிட் என்பது ஒலி உச்சத்தில் உடையாமல் காப்பதற்கு உதவுமே தவிர, மின்சாரத்தோடு சேர்ந்து உள்ளே வரும் அழுக்கை அது வடிகட்டாது.

எல்லாப் பழியையும் பவர்பேங்கின் மேல் போடவும் கூடாது. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் அருகே நண்பர் ஒருவர் பதிவு செய்தபோது கனத்த ரீங்காரம் கேட்டது என்று பவர்பேங்கை மாற்றப் போனார். பவர்பேங்கைக் கழற்றிவிட்டுச் செல்லில் ஓட்டச் சொன்னேன், ரீங்காரம் அப்படியே இருந்தது. தலைக்கு மேலே 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஓடும் ரயில் கம்பி, கீழே அவர் பயன்படுத்தியதோ சமநிலைப்படுத்தப்படாத மூன்றரை மில்லிமீட்டர் பின் கொண்ட நீளமான மைக் வயர். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்தை நீக்கும் சமநிலைப்படுத்தப்பட்ட எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு மாறியதும் ரீங்காரம் பெரும்பகுதி அடங்கியது.

காசிமேட்டு நண்பருக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில், அதே துறைமுகத்தில் படகின் அடிப்பலகையைத் தட்டிச் சீராக்கும் ஒலியையும் வலை பின்னுகிறவர்களின் பேச்சையும் பதிவு செய்யப் போனால், உங்கள் பவர்பேங்கின் குரல் உங்களுக்கும் கேட்கக்கூடும்.

ஒற்றியூரான்:

நான் திருவொற்றியூர்க் கோயில் விழாக்களில் நெடுங்காலமாக ஒலி அமைப்பவன், அதனால் என் அனுபவம் கொஞ்சம் பழையது. பவர்பேங்க் வருவதற்கு முன்பு, யூபிஎஸ்ஸில் பயன்படும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைத் துணிப்பையில் போட்டு மாடவீதி முழுவதும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆனால் அதில் ஸ்விட்ச் சுற்று எதுவும் இல்லாததால் கழிமுகவாசித் தம்பி சொல்லும் கீச்சொலியை நாங்கள் கேட்டதே இல்லை. இன்று அதே வேலையை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பாதி எடையில் செய்கிறது. நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட். ஜூம் எஃப்8 போல, அந்த மின்னழுத்தத்தை ஏற்கும் ஹிரோஸே வகை நான்கு பின் மின்துளை உள்ள கருவிகளுக்கு அதை நேரே கொடுக்கலாம். முதல் பின் எதிர்முனை, நான்காம் பின் நேர்முனை. இதை மாற்றிப் பற்றவைத்தால் கருவி போய்விடும், ஆகவே மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீர்கள். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் போடுங்கள்.

கேமரா விளக்குகளுக்குப் பயன்படும் சோனி என்பி-எஃப் வகைப் பேட்டரியும் நல்ல வழிதான். 7.2 வோல்ட், கழற்றி மாட்ட எளிது, கல்யாண வீடியோக்காரர் எவரிடமும் அவசரத்துக்கு ஒன்று கிடைக்கும். ஜூம் எஃப்6-இல் அதை நேரடியாகவே மாட்டலாம். ஐந்து வோல்ட் கேட்கும் ரெக்கார்டருக்கு இதைக் கொடுக்க இடையில் ஒரு மாற்றி வேண்டும். அந்த மாற்றியும் ஸ்விட்ச் சுற்றுதான் என்பதால், தம்பி சொன்ன சோதனையை அதற்கும் செய்துவிடுங்கள்.

வயரைப் பற்றி யாரும் எழுதவில்லை. விழாக் கூட்டத்தில் நான் பார்த்த நின்றுபோன பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பேட்டரி அன்று, யாரோ ஒருவர் கால் பட்டுப் பிடுங்கிக்கொண்ட கேபிள்தான். மினி யூஎஸ்பி துளை உள்ள கருவிகளில் அது இன்னும் எளிதாக நழுவும். கேபிளைக் கருவியின் உடம்போடு ஒரு சுற்று வளைத்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் இழுவை துளையில் விழாது. அதோடு, உள்ளே எப்போதும் நிறைந்த செல்கள் இருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கினால் உங்கள் கருவி செல்லுக்கு மாறிப் பதிவைத் தொடர்கிறதா, அல்லது அணைந்து கோப்பைக் கெடுக்கிறதா என்பதை வீட்டிலேயே பிடுங்கிப் பாருங்கள். கருவிக்குக் கருவி இது வேறுபடும்.

தண்டையார்பேட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன, ஐயா. என்னுடைய ரெக்கார்டரில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. கைப்பேசியோடு வந்த, இரு முனையும் சி ஆக இருக்கும் கேபிளைச் சொருகினால் கருவி மின்சாரமே எடுப்பதில்லை. கணினியின் பழைய துளையில் சொருகும் கேபிளோ வேலை செய்கிறது, ஆனால் அப்போது கார்டு ரீடராக இயங்கவா, கணினிக்கு மைக்காக (ஒலி இடைமுகமாக) இயங்கவா என்று கருவி கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது ஐயம், இரண்டு பென்சில் செல்லில் ஓடும் இந்தச் சிறிய கருவிக்கு எந்தப் பவர்பேங்க் வாங்குவது என்பது. என் பாட்டியும் அவருடைய தோழிகளும் பாடும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வீட்டில் பதிவு செய்வதற்காகத்தான் கேட்கிறேன்.

காசிமேட்டுக் காலை:

இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று அடையாளம் காட்டும் மின்தடைகள் அந்தக் கருவிக்குள் இருந்தால்தான் பவர்பேங்க் மின்சாரத்தைத் திறந்துவிடும். சில கருவிகளில் அந்த மின்தடைகளை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பவர்பேங்கிலுள்ள பழைய அகலத் துளையில் தொடங்கி சி-யில் முடியும் கேபிளை வாங்குங்கள், தங்கையே. அது மின்சாரம் மட்டும் கடத்தும், தரவுக் கம்பி இல்லாத கேபிளாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கேள்வியும் வராது. மிக மெல்லிய, நீளமான கேபிள் வேண்டாம். வழியிலேயே மின்னழுத்தம் விழுந்துவிடும்.

இரண்டாவது ஐயத்துக்கு என் பதில், நீங்கள் பவர்பேங்கே வாங்க வேண்டாம் என்பதுதான். பாட்டிமார் பாடுவது மணிக்கணக்கில் நீளும், ஆனால் அவர்கள் நடுவில் நிறுத்தி வெற்றிலை போடுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், பழைய கதை பேசுவார்கள். செல் மாற்ற அந்த இடைவெளி போதும். எனலூப் போல, வைத்திருந்தாலும் எளிதில் இறங்காத நிக்கல் செல்கள் எட்டும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து ஏற்றும் சார்ஜர் ஒன்றும் வாங்குங்கள். கருவியின் மெனுவில் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 1.2 வோல்ட்டைப் பார்த்ததும் பாதி தீர்ந்துவிட்டதாகக் காட்டி உங்களைப் பதற வைக்கும். கடல் காற்று படும் வீடாக இருந்தால் மாதம் ஒருமுறை செல் தொடும் உலோக முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.