பெண் பெயர்ப் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. வயிறு முன்தள்ளி இருப்பதாலும், மசக்கை அதிகம் இல்லாததாலும் ஆண் குழந்தைதான் என்று மாமியார் முதல் அலுவலகத் தோழிகள் வரை எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். பெயர்களைக் குறித்துவைக்க என் கணவர் ஒரு குறிப்பேட்டில் நடுக்கோடு இழுத்து, இடப்பக்கம் ஆண் பெயர்களுக்கும் வலப்பக்கம் பெண் பெயர்களுக்கும் என்று ஒதுக்கினார். இப்போது இடப்பக்கத்தில் அடித்தல் திருத்தல்களோடும் நட்சத்திரக் குறிகளோடும் 17 பெயர்கள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் இரண்டே பெயர்கள். அவையும் நான் எழுதியவை. பெண் பிறந்தால் அவளுக்கு அவசரத்தில் ஏதோ ஒரு பெயரை வைக்க நேருமோ என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த அடையாளங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? நீங்கள் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மறுமொழி 1:
சகோதரி, நான் மகப்பேறு பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வயிற்றின் வடிவம் தாயின் தசை உறுதி, குழந்தை படுத்திருக்கும் நிலை, எத்தனையாவது கர்ப்பம் என்பவற்றைப் பொறுத்தது. குழந்தையின் பாலோ, விந்தணு சுமந்து வருவது எக்ஸ் குரோமோசோமா, ஒய் குரோமோசோமா என்பதைப் பொறுத்துக் கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. இதயம் வேகமாகத் துடித்தால் பெண் என்றும் சொல்வார்கள். ஆணாயினும் பெண்ணாயினும் நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடிப்பதே இயல்பு, குழந்தை அசையும்போது அது கூடும். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள இடத்தில் யார் எதைச் சொன்னாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கத்தான் செய்யும். பலித்ததை வீட்டில் ஆண்டுக்கணக்கில் பேசுவார்கள். பலிக்காதது குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் மறந்துபோகும்.

மறுமொழி 2:
நாங்கள் நடுக்கோடே இழுக்கவில்லை. மதி, எழில், முகில், தமிழ் போன்ற பெயர்களை முதலில் எழுதினோம். இவை தாமாகப் பாலைக் காட்டுவதில்லை. ‘மதி வந்தான்’, ‘மதி வந்தாள்’ என்று வினைமுற்றுதான் காட்டும். இனியன், இனியா என ஒரே வேரிலிருந்து இரண்டாகப் பிரிபவற்றையும் சேர்த்துக்கொண்டோம். இப்படி இணையாக யோசித்தால் உங்கள் வலப்பக்கம் தானாக நிறையும். இன்னொன்று, எந்தப் பெயரையும் தாளில் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த அறையிலிருந்து குழந்தையைக் கூப்பிடுவதுபோல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு நீண்ட பெயர், மூன்றாம் முறை கூப்பிடும்போதே முதல் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் எங்களுக்குப் பிடிக்காததால் அதைக் கைவிட்டோம். ழகரம் வரும் பெயரென்றால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
எங்கள் வீட்டிலும் ஆண் என்றே சொல்லிச் சொல்லி மகள் பிறந்தாள். அவளைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் முதலில் சொன்ன சொல் ‘பரவாயில்லை’ என்பதுதான். ஆறு ஆண்டுகள் ஆகியும் என் மனைவிக்கு அந்தச் சொல் ஆறவில்லை. உங்கள் கணவரிடம் இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இவற்றையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால், நடுக்கோட்டின் மேலேயே ‘எழில்’ என்று எழுதியிருந்தார். வலப்பக்கத்தில் அவர் கையெழுத்தில் நான்கு புதிய பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு நட்சத்திரக் குறியும் இட்டிருந்தார்.