பழுதான துணியைத் தைத்து உடுத்தும்படி குடியிருப்பினரை எப்படி இணங்க வைப்பது?

திருநகர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். போகியன்று பழைய துணிகளை எரிக்க வேண்டாம், சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து கொடுங்கள், தேவைப்படுவோருக்குச் சேர்ப்பிக்கிறோம் என்று இந்த ஆண்டு அறிவித்திருந்தோம். 19 மூட்டைகள் வந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கியபோது மனம் கனத்துவிட்டது. பொத்தான் ஒன்று உதிர்ந்த சட்டை, ஓரம் பிரிந்த சுடிதார், ஜிப் மட்டும் கெட்டுப்போன கால்சட்டை, ஃபால்ஸ் கிழிந்த சேலை என்று, அரைமணி நேர ஊசிவேலையில் மீண்டும் உடுத்தக்கூடியவையே பாதிக்கு மேல் இருந்தன. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாவதற்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்கிறார்கள். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று பார்த்து மகிழும் ஊர்க்காரர்களாகிய நமக்கு அந்த எண்ணின் கனம் தெரியாமல் இருக்காது.

ஏன் தைக்கக் கொடுக்கவில்லை என்று சிலரிடம் கேட்டேன். சின்ன வேலையைத் தையல்காரர்கள் வாங்குவதில்லை என்றார்கள். கொடுக்கும் கூலிக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதிதே கிடைக்கும் என்றார்கள். ஒட்டுப்போட்டு உடுத்தினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் ஒருவரைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்து, இலவசமாகவே பழுது பார்த்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தூணோரத் தையல் எழுதியது:

ஐயா, நல்ல முயற்சி. ஆனால் இலவசமாக மட்டும் செய்துவிடாதீர்கள். என் தாத்தாவும் தந்தையும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டுத் தைத்தவர்கள். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது நானும் மாறினேன். சித்திரைத் திருவிழா நெருங்கினால், வேண்டுதலுக்காக வேடமிட்டு அழகரை எதிர்கொள்பவர்களின் உடுப்புகளைத் தைப்பதிலேயே இரவும் பகலும் ஓடிவிடும். மற்ற மாதங்களில் பழுதுவேலையும் வாங்குகிறேன். ஆகவே எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவதென்றால், தைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பழைய தையலைத் துணி கிழியாமல் பிரிப்பதற்கோ அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதன் பிறகு அதே நிறத்து நூலைத் தேடி, மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் நூலைக் கழற்றி, அடிநூல் சுற்றிய பாபினையும் மாற்ற வேண்டும். புதுச் சட்டை தைப்பவர் ஒரே நூலில் அரைநாள் ஓட்டிவிடுவார். எனக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நூல். இத்தனைக்கும் 70 ரூபாய் கேட்டால், ஒரு ஜிப்புக்கா என்று முகம் சுளிக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே பலர் சின்ன வேலை எடுப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சனிக்கிழமையே துணிகளைத் துவைத்து வாங்கி வைத்து, நிறவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். கறுப்பு நூலைக் கோத்தால் கறுப்புத் துணிகள் அனைத்தையும் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதி வையுங்கள். கூலியும் குறையும், பேரமும் இருக்காது. ஜிப்பில் பற்கள் நன்றாக இருந்து ஏற்றி இறக்கும் ரன்னர் மட்டும் தளர்ந்திருந்தால், ரன்னரைக் குறட்டால் லேசாக அழுத்தினாலோ மாற்றினாலோ போதும். முழு ஜிப்பையும் மாற்றத் தேவையில்லை. மடிப்பில் தேய்ந்து நூல் தெரியும் காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால், தேய்ந்த பக்கம் அடியில் போய்விடும். சட்டை இன்னும் பல மாதங்கள் உழைக்கும். என் தந்தை காலத்தில் அலுவலகம் செல்பவர்கள் வாரந்தோறும் காலர் திருப்பக் கொண்டுவருவார்கள். இன்று அப்படி ஒரு வேலை இருப்பதே இளைஞர்களுக்குத் தெரியாது. கேட்டால் யாரும் மறுக்கமாட்டோம்.

நூலிழை ஆசிரியர் எழுதியது:

ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். மேலே எழுதியவர் கூலியைப் பற்றிச் சொன்னதுதான் முக்கியம் என்று நானும் கருதுகிறேன். பிரான்சு நாட்டில் 2023 நவம்பர் முதல், பதிவு செய்துகொண்ட தையல் கடையிலோ காலணி பழுதுபார்க்கும் கடையிலோ வேலை கொடுத்தால், வேலைக்கேற்ப 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே கழித்துக்கொள்கிறார்கள். கழித்த தொகை கடைக்காரருக்கு ஒரு நிதியிலிருந்து வந்துவிடுகிறது. உடையை விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் அமைந்த நிதி அது. வாடிக்கையாளரின் சுமை குறைகிறது, தைப்பவரின் கூலி குறைவதில்லை. சுவீடன் 2017இல் துணி, காலணி, மிதிவண்டி பழுதுவேலைகளுக்கான மதிப்புக்கூட்டு வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. நம் ஊரில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத்தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை என்பதால், தெருவோரத் தையல்காரருக்குச் சுவீடன் வழி உதவாது. பிரான்சின் வழியைச் சிறிய அளவில் உங்கள் சங்கமே செய்யலாம். பலகையில் உள்ள கூலியில் கால்பங்கைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுத்துப் பாருங்கள்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை கொடுக்கப்படும் நான்கு செட் இலவசச் சீருடைகளைத் தைத்துத் தருபவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர். சீருடை வேலை இல்லாத மாதங்களில் அவர்களையும் அணுகிப் பாருங்கள்.

எல்லாத் துணியையும் காப்பாற்ற முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெய்த பருத்தி எளிது. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். சாதாரண ஊசி கண்ணியை அறுத்து, ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். லைக்ரா கலந்து, இழுவை தளர்ந்துபோன துணியை ஒன்றும் செய்வதற்கில்லை. ஆயத்த ஆடைகளில் தையலுக்குள் விடும் துணி மிகக் குறைவு என்பதால், சிறியதாகப் பிடிக்கலாமே தவிரப் பெரியதாகப் பிரித்துவிட முடியாது. ஒட்டுப்போடும் புதுப் பருத்தித் துண்டை முன்பே நனைத்துக் காயவைக்காவிட்டால், முதல் துவைப்பிலேயே சுருங்கி, சுற்றியுள்ள துணியை இழுக்கும்.

மேலூர் அம்மாச்சி எழுதியது:

தம்பி, குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த இருவரைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். கூலியைச் சரிசெய்துவிடலாம், கூச்சம் அவ்வளவு எளிதில் போகாது. கிழிசலை உடுத்தினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அதைச் சொன்ன என் தாயாரே, மறுநிமிடம் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உடுத்தியபடியே தைக்கக் கூடாது, கழற்றிக் கொடு என்பார். கிழிசலைக் கிழிசலாகவே விட்டுவைப்பதைத்தான் அவர் ஆகாது என்றார்.

வேட்டி நடுவில் இற்றுப்போனால் நடுவிலேயே இரண்டாகக் கிழித்து, நன்றாக இருக்கும் கரையோரங்களை நடுவில் வைத்து மூட்டிவிடுவார்; இன்னும் ஓராண்டு ஓடும். அவருடைய அரக்குச் சுங்குடிச் சேலை எனக்குப் பாவாடையாகி, பிறகு என் மகனுக்குத் தூளியாகி, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியாக முடிந்தது. ஒவ்வொரு புள்ளியையும் கையால் முடிந்து சாயமேற்றிய சேலை என்பதால் அதைத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. பிள்ளைகளின் பள்ளி உடையில் தொடங்காதீர்கள். வகுப்பில் ஒருவன் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதை மறக்காது. வெளியில் தெரியாத வேலைகளான ஓரம், ஜிப், உள்பாக்கெட் ஆகியவற்றை முதல் சில மாதங்களுக்கு எடுங்கள். முதல் ஞாயிறு சங்கத் தலைவரும் நீங்களும் உங்கள் சட்டைகளைக் கொண்டுபோய் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்து வாங்குங்கள்.

திருநகர்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இலவசம் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். கூலியில் கால்பங்கைச் சங்கம் ஏற்பதற்கு நேற்றைய கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது; விலைப்பலகையை மட்டும் தையல்கார ஐயாவே எழுதித் தந்தால் நியாயமாக இருக்கும். தலைவரிடம் காலர் தேய்ந்த வெள்ளைச் சட்டைகள் மூன்று இருப்பதாக அவரே சொன்னார். தாங்களே வர இயலுமா, எந்த மாதம் தோதாக இருக்கும்?

தூணோரத் தையல் எழுதியது:

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் எங்களுக்கு வேலை குறைவு. ஆடி முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன். என்னுடையது மிதிமெஷின், மின்சாரம் வேண்டாம். இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு பிளக்கும், ஜன்னலோரம் வெளிச்சமான இடமும் இருந்தால் போதும். தலைவரின் சட்டைகளுக்குக் கஞ்சி போடாமல் கொடுக்கச் சொல்லுங்கள், பிரிப்பதற்கு எளிதாக இருக்கும்.